கேட்காத கேள்வி மேல் கோர்ட்டுக்கு வராது

(கம்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். வக்கீலுக்கு அரை மணி நேரம் என்பது கம்பம் மெட்டு ஏறுகிற லாரியைப் பார்த்து வேகமாகப் போ என்று சொல்வது மாதிரி. முயன்று பார்க்கிறேன்.

சுருளிக்குப் போகாதவர் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் இருக்க முடியாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோரை நினைத்து முங்கி எழுகிற இடம் அது. அந்த அருவிக்கு 2011 மே மாதம் ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் போனார்கள். வீடு திரும்பவில்லை. சில நாள் கழித்துக் காட்டுக்குள் இரண்டு உடல்களைத்தான் எடுத்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கே பதறிய செய்தி அது. வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

ஒருவரைப் பிடித்தார்கள். அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை. விடுதலையான மனிதரின் பேரை மைக்கில் கூவுவது இன்னொரு தண்டனை. இறந்துபோன இருவரின் பேரையும் சொல்ல மாட்டேன். அவர்களைப் பெற்றவர்கள் பட்டது போதும்.

2018 மார்ச்சில் தேனி முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம், நம்ம லட்சுமிபுரம் கோர்ட்டு, அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா என்ற மூன்று நீதிபதிகள் அவரை விடுதலை செய்தார்கள். குற்றம் நடந்து 14 வருடம். தூக்குக் கைதியாக மட்டும் 7 வருடத்துக்கு மேல்.

ஏன் விடுதலை? அரசுத் தரப்பு பெரிதாக நம்பியது டி.என்.ஏ. பரிசோதனையை. அந்த மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, இடையில் எங்கே இருந்தன, ஆய்வகத்துக்குப் போக ஏன் அத்தனை தாமதம்? எதற்கும் ஒழுங்கான பதில் இல்லை. மாதிரியில் வேறெதுவும் கலக்கவில்லை என்று அடித்துச் சொல்ல வழியில்லை. கடைசியாகப் பார்த்தோம் என்ற சாட்சிகளும் நிற்கவில்லை.

அம்மா, நீங்கள் சொசைட்டியில் ரெண்டு லிட்டர் பால் ஊற்றுகிறீர்கள். தேதி, வேளை, அளவு, கொழுப்பு எவ்வளவு, எல்லாம் எழுதித்தான் சீட்டு கொடுக்கிறான். ரெண்டு லிட்டர் பாலுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மனுஷன் கழுத்தைக் கயிற்றில் மாட்டப் போகிற சின்னக் குப்பிக்குக் கணக்கு இல்லை! அதனால்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுக்க உத்தரவு போட்டது. எடுத்த மாதிரியை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கோர்ட்டு அனுமதி இல்லாமல் முத்திரையைப் பிரிக்கக் கூடாது. எடுத்த நிமிடத்திலிருந்து வழக்கு முடிகிறவரை யார் யார் கையில் இருந்தது என்று பதிவேடு இருக்க வேண்டும். இந்தியா முழுக்க இனி போலீஸ்காரர் எழுதப்போகிற அந்தப் பதிவேட்டுக்கு நம்ம சுருளிதான் காரணம். பெருமைப்படவும் முடியவில்லை.

சரி, அந்த இருவரைக் கொன்றது யார்?

தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

"ஏழைக்கு வக்கீல், ஏழைக்கு வக்கீல் என்கிறீர்களே, குற்றவாளி தப்பிப்பதற்கா?" என்று என்னை டீக்கடையில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். கேட்க வேண்டிய கேள்வியை முதலிலேயே கேட்டு, கணக்கில்லாத குப்பியை முதலிலேயே தூக்கிப் பிடித்துக் காட்டினால் போலீஸ் வேறு பக்கம் தேடும். அல்லது அதே ஆள்தான் என்றால் ஒழுங்கான சாட்சியோடு வரும். 14 வருடம் கழித்துக் காட்டில் எதைத் தேடுவது? குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்போம். அந்த எதிரி பக்கத்து வக்கீல் கொல்லப்பட்டவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறார். இது பலருக்குக் கசக்கும். கசந்தாலும் உண்மை.

அந்த வழக்கில் கீழ்க் கோர்ட்டில் யார் வாதாடினார், எப்படி வாதாடினார் என்று குறை சொல்ல நான் இங்கே ஏறவில்லை. குறை சொல்வதென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன், கேளுங்கள்.

நான் வக்கீலாகி மூன்றாவது வருடம். எந்த ஊர்க் கோர்ட்டு என்று வேண்டாம். ஒரு கொலை வழக்கு. எதிரி தோட்டக் கூலி. வக்கீல் வைக்க வழியில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதைப் பார்த்துக்கோங்க" என்றார்கள். சாயங்காலம் கட்டு கைக்கு வந்தது. மறுநாள் காலை சாட்சி விசாரணை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை படித்தேன். பாதிதான் முடிந்தது. எதிரியிடம் பேசவே இல்லை. அவர் போலீஸ் வேனிலிருந்து இறங்கியபோது முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கிராம நிர்வாக அலுவலர் கூண்டில் ஏறினார். எதிரி தன் முன்னால் வாக்குமூலம் கொடுத்ததாகவும், அதன்படி போய் அருவாளை எடுத்ததாகவும், தானும் தலையாரியும் மகஜரில் கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னார். "குறுக்கு உண்டா?" என்று நீதிபதி கேட்டார். எழுந்தேன். "நீங்கள் சொல்வது பொய் என்கிறேன்" என்றேன். "இல்லை" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அதுதான் என் குறுக்கு விசாரணை!

ஆயுள் தண்டனை. தீர்ப்பைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பரவாயில்லங்கய்யா, எனக்காக நின்னீங்க" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பல மாதம் கழித்து அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தபோது ஒரு பெட்டிக்கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்குத் தலையாரி ஊர்லயே இல்லையேங்க. தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி." கிராமக் கணக்கு பார்க்கிற அந்த ஜமாபந்தி நடந்த தேதி அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. யார் வந்தார்கள் என்பதும் இருக்கிறது. ஊருக்கே தெரிந்த விஷயம். எதிரிக்கும் தெரியும். ஜெயிலுக்குப் போய் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ஒரே கேள்வி: "அன்றைக்குத் தலையாரி எங்கே இருந்தார்?"

மேல்முறையீட்டில் சொல்லலாமே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். மேல் கோர்ட்டு சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்கிற இடம் கிடையாது. கீழிருந்து போகிற காகிதத்தைப் படிக்கிற இடம். கீழே கேட்காத கேள்வி மேலே போகிற கட்டில் இருக்காது. கட்டில் இல்லாததை, அரிதிலும் அரிதாகத் தவிர, அங்கே யாரும் தேடமாட்டார்கள். டெல்லி வரைக்கும் பெரிய பெரிய வக்கீல்கள் போகட்டும், அவர்கள் கையில் இருப்பது உத்தமபாளையத்திலும் லட்சுமிபுரத்திலும் தட்டச்சான காகிதம்தான். சுருளி வழக்கில் மாதிரி எடுத்த தேதியும் அனுப்பிய தேதியும் பதிவில் இருந்தன, அதனால் உச்ச நீதிமன்றத்தால் பிடிக்க முடிந்தது. என் வழக்கில் ஜமாபந்தி பதிவில் இல்லை. ஏறாமல் போனதற்குக் காரணம் நான்.

இதைச் சொல்லிப் பாவம் கழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னை மாதிரி மூன்றாம் வருடத்து வக்கீலிடம் முதல் நாள் ராத்திரி கட்டைக் கொடுத்துவிட்டு "ஏழைக்கு வக்கீல் கொடுத்தாயிற்று" என்று குறிப்பு எழுதுகிற பழக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நம்ம தலைக்கு மேலே இருக்கிற மலையைப் பாருங்கள். மங்கலதேவி. சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலுமாக ஏறுகிறோமே, அந்தக் கண்ணகி கோயில். வருடத்தில் ஒரே ஒரு நாள். அந்த அம்மா எதற்கு மதுரையை விட்டு இந்த மலைக்கு வந்தாள்? விசாரணை இல்லாமல் புருஷனை வெட்டிவிட்டார்கள். ஒரு பொற்கொல்லன் சொன்னான், அரசன் கேட்டான், காவலன் வெட்டினான். இடையில், "அய்யா, அந்தச் சிலம்பைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. வெளியூர்க்காரன், பணம் இழந்தவன், மதுரையில் தெரிந்தவர் யாருமில்லை. கோவலன் அன்றைக்கு இருந்த நிலைமையும் இன்றைக்கு ரிமாண்டுக்கு நிற்கிற கூலிக்காரன் நிலைமையும் ஒன்றுதான்.

கண்ணகி அரசவையில் என்ன செய்தாள்? அழுதாள், கோபப்பட்டாள், அதெல்லாம் கதை சொல்கிறவர்கள் நீட்டிச் சொல்வார்கள். வக்கீல் கண்ணால் பார்த்தால் அவள் கேட்டது ஒரே கேள்வி: ராணியின் சிலம்புக்குள் என்ன பரல்? முத்து என்றான் அரசன். என்னுடையதில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். தமிழில் இதைவிடச் சுருக்கமான குறுக்கு விசாரணையை நான் படித்ததில்லை. ஆனால் கேள்வி வந்து சேர்ந்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

பாண்டியனிடம் ஒன்று இருந்தது. தப்பு என்று தெரிந்ததும் உயிரை விட்டான். இப்போது தப்பு என்று தெரிந்தால் பேப்பரில் நாலாம் பக்கம் செய்தி வருகிறது. தப்பாக உள்ளே கிடந்தவருக்கு நஷ்ட ஈடு கொடுக்க இந்த நாட்டில் தனியாக ஒரு சட்டம்கூட இல்லை. சுருளித் தீர்ப்பிலேயே நீதிபதிகள் அதைத் தொட்டுப் பேசி, சட்டம் இயற்றுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். தேனி எம்.பி.யும் நம்ம எம்.எல்.ஏ.க்களும் யோசித்துவிட்டார்களா? அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரும்போது கேளுங்கள்.

ஏழைக்கு வக்கீல் வைப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? அந்த விஷயத்தில் சட்டத்தில் குறையே கிடையாது, அதுதான் வேடிக்கை. இலவச சட்ட உதவி கொடுப்பது அரசின் கடமை என்று 1976இல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பீகார் ஜெயில்களில் வாய்தா வாய்தாவாகக் கிடந்த ஏழைகளுக்காக 1979இல் ஹுசைனாரா காதூன் வழக்கு வந்தது. வக்கீல் இல்லாமல் நடத்தும் விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். கசாப் வழக்கில் 2012இல், முதல் முறை ஆஜர்படுத்தும்போதே "உனக்கு வக்கீல் உரிமை உண்டு, வசதி இல்லையென்றால் அரசே வைக்கும்" என்று மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்றது. கவனியுங்கள், கசாப். பம்பாய் ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நின்றவன். அவனுக்கே வக்கீல் வைத்துத்தான் நாடு தூக்கிலிட்டது. கூடலூர்க் கூலிக்காரனுக்கு வக்கீல் வைப்பதில் யாருக்கு என்ன வயிற்றெரிச்சல்?

மத்தியப் பிரதேசத்துக் காண்ட்வாவில் 2013இல் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கு. குற்றச்சாட்டு வனைந்த அதே நாளில் எதிரிக்கு வக்கீல் நியமித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்தது, தூக்கு. வேகமான நீதி என்று பாராட்டினார்கள். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விதி வகுத்தது: தூக்கோ ஆயுளோ வரக்கூடிய வழக்கில் ஏழைக்கு நியமிக்கிற வக்கீலுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் இருக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் கொடுக்க வேண்டும். மறு விசாரணைகளெல்லாம் முடிந்து 2024இல் அந்த மனிதர் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். 11 வருடம். இரண்டு வாரத்தில் முடித்த வழக்கு எத்தனை வேகமாக முடிந்தது பார்த்தீர்களா?

(கூட்டத்திலிருந்து ஒருவர்: "உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தா?")

கேளுங்கண்ணே, நல்ல கேள்வி, உட்காருங்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

சென்னைப் புறநகரில் 2017இல் ஒரு சிறுமி கொல்லப்பட்டதை எல்லாரும் அறிவீர்கள். நானும் அன்றைக்குக் கொதித்தேன். பிடிபட்டவனை என்கவுண்டர் செய் என்று சொன்னவர்களில் என் வீட்டுக்காரம்மாவும் உண்டு. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டில் தூக்கு விதித்தார்கள். ஊரே கை தட்டியது. 2025 அக்டோபர் 8ஆம் தேதி, சுருளி வழக்கை விசாரித்த அதே மூன்று நீதிபதிகள் அந்தத் தண்டனையை ரத்து செய்து விடுதலை கொடுத்தார்கள். காரணங்களில் முக்கியமான ஒன்று: குற்றச்சாட்டு வனைந்த நாளில் எதிரிக்கு வக்கீலே இல்லை. பிறகு சட்ட உதவியில் வந்த வக்கீலுக்குப் படித்துத் தயாராக அவகாசம் கொடுக்கவில்லை. குற்றவாளி என்று சொன்ன நாளிலேயே தூக்கும் சொல்லிவிட்டார்கள். சாட்சியங்களும் சங்கிலியாகச் சேரவில்லை.

அண்ணே, இப்போது சொல்லுங்கள். அந்தச் சிறுமியைப் பெற்றவர்களுக்கு யார் துரோகம் செய்தது? எதிரிக்கு வக்கீல் வை என்று சொன்னவனா, வைக்காமல் அவசரப்பட்டவனா? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால், அன்றைக்குத்தான் எதிரி பக்கம் கெட்டிக்கார வக்கீல் நிற்க வேண்டும் என்று நான் கேட்பேன். அவர் கேட்கிற அத்தனை கேள்விக்கும் தாக்குப்பிடித்து வருகிற தீர்ப்புதான் டெல்லியில் போய் நிற்கும்.

உண்மையாகவே தாக்குப்பிடிக்கிறதா? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2014 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளில் கடைசி வரை நின்றது நூற்றுக்கு 5கூட இல்லை. ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் முழு விடுதலை. தூக்குக் கொட்டடியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 74 பேர் ஏழைகள். பணக்காரன் கொலை செய்வதே இல்லையா? செய்கிறான். அவனுக்கு முதல் நாளிலேயே வக்கீல் வந்துவிடுகிறார்.

நம்ம சினிமா நட்சத்திரங்கள் பாகவதரையும் கலைவாணரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், அங்கிருந்து வழக்கு திரும்பி வந்து 1947இல் விடுதலை. பாகவதர் சொத்து கரைந்தது, ஆனால் கரைப்பதற்குச் சொத்து இருந்தது. கம்பத்துக் கூலிக்காரன் லண்டனுக்குப் போக வேண்டாம். லட்சுமிபுரத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வர அவன் பெண்டாட்டி ஒரு நாள் கூலியை இழக்கிறாள், ஜாமீன்தாரர் தேடி ஊர் ஊராக அலைகிறாள், கடைசியில் கறவை மாட்டை விற்கிறாள். மாட்டை விற்ற பணம் மேல்முறையீட்டு வக்கீலுக்குப் போகிறது. அதாவது, கேள்வி கேட்க வேண்டிய நேரம் முடிந்த பிறகு!

வெள்ளைக்காரன் நாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடாவில் கிடியன் என்ற ஒரு ஏழையைத் திருட்டு வழக்கில் பிடித்தார்கள். வக்கீல் வேண்டும் என்று கேட்டார், கிடையாது என்றார்கள். தானே வாதாடித் தோற்றார். ஜெயிலில் இருந்து பென்சிலால் மனு எழுதிப் போட்டார். 1963இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறு விசாரணையில் வக்கீலோடு போனார். விடுதலை. ஆள் அதே ஆள், வழக்கு அதே வழக்கு.

இனி நம்ம ஊர் விஷயம். தூக்கு என்றால் எங்கோ நடப்பது என்று இருந்துவிடாதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கின் சாபம் கஞ்சா வழக்கு. 20 கிலோவுக்கு மேல் என்றால் சட்டத்தில் அதற்குப் பேர் வணிக அளவு. குறைந்தபட்சம் 10 வருடம், 20 வரை போகும், அபராதம் குறைந்தது 1 லட்சம். குறைந்தபட்சத்துக்குக் கீழே நீதிபதியே நினைத்தாலும் இறங்க முடியாது. ஜாமீன் வேண்டுமென்றால் இவன் குற்றம் செய்திருக்க மாட்டான் என்று கோர்ட்டு நம்பக் காரணம் காட்ட வேண்டும். உன்னிடம் எடுத்தது என்று வந்துவிட்டால், அது இன்னது என்று எனக்குத் தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். மூட்டை யாருடையதோ அவன் வருவதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு மூட்டை தூக்கினவனும், அவனோடு பைக்கில் உட்கார்ந்து வந்த மச்சானும்தான் உள்ளே. உன் உடம்பைச் சோதனை போடும் முன் மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் போடச் சொல்ல உனக்கு உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். சொன்னார்களா? எடை போட்டது எங்கே? முத்திரை வைத்தது யார் முன்னால்? இதெல்லாம் முதல் நாள் கேள்விகள். பத்து வருடத் தண்டனை இந்தக் கேள்விகளின் முனையில்தான் தொங்குகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் வேலை பார்க்கிற நம்ம ஆளைக் கேரள போலீஸ் பிடித்தால் காகிதமெல்லாம் மலையாளம். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். கைதுக்கான காரணத்தைக் கைதாகிறவனுக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழில் கேளுங்கள். "தமிழ்ல எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்பதற்கு எந்த மலையாளமும் தெரிய வேண்டாம்.

டீக்கடைக்கு டீக்கடை பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிறோம். தண்ணீர் கொடுத்தவர், மாட்ட வேண்டியதுதான். பக்கத்தில் மாட்ட வேண்டிய இன்னொரு படம் உண்டு, பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளி, மதுரையில் வக்கீல். ரேகைச் சட்டம் என்று நம்ம தாத்தாக்கள் சொல்வார்களே, அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறந்த சாதியைப் பார்த்துக் குற்றவாளி என்று பதிவு செய்து கைரேகை வாங்கின சட்டம். அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தான் வெள்ளைக்காரன். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அந்த மக்களுக்காக நின்றவர் ஜார்ஜ் ஜோசப். ரோசாப்பூ துரை என்று கள்ளர் நாடு அவரைக் கூப்பிட்டது. சொந்தச் சாதியில்லை, சொந்த ஊரில்லை, சொந்த பாஷைகூட இல்லை. வக்கீல் என்றால் அதுதான்.

இன்றைக்கு எங்கள் ஆட்களே, "இந்த எதிரிக்கு யாரும் ஆஜராகக் கூடாது" என்று சில சங்கங்களில் தீர்மானம் போடுகிறார்கள். கோயம்புத்தூரில் போட்ட அப்படி ஒரு தீர்மானம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 டிசம்பரில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு எழுதிய தீர்ப்பு, அந்த மாதிரித் தீர்மானங்கள் செல்லாது, தொழில் தர்மத்துக்கே விரோதம் என்றது. இந்த மேடையில் என் பின்னால் உட்கார்ந்திருக்கிற வக்கீல் நண்பர்கள் கோபித்தாலும் சரி, இனி அப்படி ஒரு தீர்மானம் வந்தால் நான் எதிர்த்துக் கை தூக்குவேன்.

என்ன வேண்டும் என்று கேட்கிறேனென்றால், நஷ்ட ஈட்டைத் தவிர வேறு எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். இருப்பதை நடத்துங்கள். 10 வருட அனுபவம், 7 நாள் அவகாசம் என்பதை ஒவ்வொரு அமர்வு நீதிமன்றமும் கடைப்பிடிக்கட்டும். 2022இலிருந்து மாவட்டங்களில் முழுநேர எதிர்த்தரப்பு வக்கீல்களைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே சம்பளம் கொடுத்து வைக்கிற திட்டம் வந்திருக்கிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அரசு வக்கீலுக்குப் பின்னால் ஒரு போலீஸ் ஸ்டேஷனும் ஒரு தடய அறிவியல் ஆய்வகமும் நிற்கின்றன. இவர்கள் பின்னால் யார் நிற்கிறார்கள்? ஊருக்குப் போய் விசாரித்து வர ஒரு ஆளும், டி.என்.ஏ. அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு நிபுணரும், அதற்குப் பணமும் கொடுங்கள். ஜமாபந்தியைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் ஒரு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். 15100. போனில் பதிந்துகொள்ளுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண், காசு கிடையாது. காவலில் இருக்கிற யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்றிதழ் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. இந்த விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் அவரவர் மொழியில் எழுதி வைக்கச் சொல்லி 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. வீட்டுக்குப் போகும்போது கம்பம் பஸ் ஸ்டாண்டில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்குக் கலெக்டருக்கு ஒரு மனு எழுதுவோம், நானே எழுதித் தருகிறேன். உங்கள் பிள்ளையை, புருஷனை, பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்துப் போனார்கள் என்றால் மாட்டை விற்க ஓடாதீர்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குள் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. கோர்ட்டு திறந்த மன்றம். மூடிய அறையில் நடத்துகிற சில வழக்குகளைத் தவிர, நீதிபதி தடுக்காதவரை யாரும் போய் உட்காரலாம். ஒரு ஏழை எதிரி தனியாக நிற்கும்போது பின் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், மூன்றாம் வருடத்து வக்கீல்கூட நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார். நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் நிற்பேன். வாங்க.